பிஎச்பில இருந்து தமிழ் எஸ்எம்எஸ் அனுப்பினா பாதியில கட் ஆகுது

கேள்வி:
நண்பர்களே, டியூஷன் சென்டருக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிருக்கேன், பையன் வரலைனா அப்பா அம்மாவுக்கு மெசேஜ் போகணும். ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸ் ஃபங்ஷன்ல கேட்வே (எஸ்எம்எஸ் அனுப்பித் தர்ற சர்வீஸ்) யூஆர்எல்ல கூப்பிடுறேன், 200 (ஓகேங்கிற கோட்) வருது, ஆனா சிலருக்கு மெசேஜே போகல, போனதுலயும் '&' வந்த இடத்தோட நின்னுடுது. ரெண்டு நாளா மண்டை காயுது, உதவுங்க.

பதில் 1:
யூஆர்எல்ல '&' வந்தா அடுத்த பாராமீட்டர்னு சர்வர் எடுத்துக்கும் ப்ரோ. மெசேஜை யூஆர்எல்ல நேரா ஒட்டாம எச்டிடிபி_பில்ட்_குவெரி ஃபங்ஷன்ல குடுங்க, அது '&'-ஐ பாதுகாப்பான குறியா மாத்திடும். அப்படியே கர்ல்ல (பிஎச்பில ரிக்வெஸ்ட் அனுப்புற லைப்ரரி) போஸ்டுக்கு மாத்திடுங்க, கெட்ல போட்டா யூஆர்எல்லயே போற ஏபிஐ கீ (கேட்வே குடுத்த ரகசியக் குறியீடு) லாக் ஃபைல்ல எல்லாம் பதிஞ்சு கிடக்கும். டைம்அவுட்டும் வைங்க, கர்ல்ல பதிலுக்குக் காத்திருக்க அதுவா எந்த வரம்பும் கிடையாது, கேட்வே தொங்கினா உங்க பேஜும் தொங்கும்.

பதில் 2:
200 வந்தா ரிக்வெஸ்ட் போய்ச் சேர்ந்துச்சுன்னு மட்டும்தான் அர்த்தம், பாடில (கேட்வே அனுப்புற பதில்ல) என்ன வருதுன்னு கண்டிப்பா படிங்க. டிஎல்டில (கமர்ஷியல் எஸ்எம்எஸ்ஸுக்கான பதிவுத் தளம்) பதிவு பண்ண டெம்ப்ளேட்டோட (மெசேஜ் மாதிரி) ஒரு வார்த்தை மாறினாலும் ஆபரேட்டர் தடுத்துடுவாங்க, எனக்கு ஒரு முற்றுப்புள்ளியால ஒரு வாரம் போச்சு. இன்னொண்ணு, தமிழ்ல ஒரு மெசேஜுக்கு இங்கிலீஷ் மாதிரி 160 எழுத்து இல்ல, 70 தான், நீண்டா துண்டுக்கு 67. புள்ளியும் கொம்பும் தனியா எண்ணும், 'வணக்கம்' நமக்கு 5 எழுத்து, அங்க 7. காசு அதுக்கேத்த மாதிரி போகும், பாத்துக்கோங்க.

கேள்வி கேட்டவர்:
பாடில பாத்தேன், டெம்ப்ளேட் மிஸ்மேட்ச்னே இருக்கு! மாத்தினதும் போயிடுச்சு, ரொம்ப நன்றிண்ணா.