மதியத்தில் நின்றுபோகும் சோலார் பம்பு: வெப்ப சிமுலேசன் உதவுமா?

வன்னியில் வட்டக்கச்சியில் எங்கள் மிளகாய்த் தோட்டத்துக்கு நானே ஒரு பம்பு கொன்ட்ரோலர் செய்தேன். மேசையில் நாள் முழுக்க ஓடியது. தோட்டத்தில் சித்திரை வெயிலுக்கு இரண்டு மொஸ்பெற் (பம்புக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் பாகம்) எரிந்துவிட்டன. தூசிக்குப் பயந்து மூடிய பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வைத்திருந்தேன். அம்மா குடத்தால் தண்ணீர் ஊற்றித்தான் கன்றுகளைக் காப்பாற்றினார். மூன்றாவதும் எரிய விடமாட்டேன். என்ன செய்யலாம்?

பதில் 1
தம்பி, ஹீற்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) போட்டீரா? அது இல்லாத TO-220 வகை மொஸ்பெற், தனக்குள் வீணாகும் ஒவ்வொரு வாற்றுக்கும் ஏறக்குறைய 62 பாகை சூடேறும். 1.5 வாற் என்றால் 93. மேசையில் 30 பாகை, கூட்டினால் 123, தாங்கும். வெயிலில் பெட்டிக்குள் 65 இருந்தால் 158. பலவற்றின் எல்லை 150தான்.

பதில் 2
அண்ணா சொன்னது சரி, ஆனால் அந்த 65ஐ முன்கூட்டியே அறியத்தான் சிமுலேசன், அதாவது சூடு எப்படி ஏறும் என்று கணினியில் கணித்துப் பார்ப்பது. அதற்கான எல்மர் என்ற மென்பொருள் இலவசம். வெளிவெப்பநிலையை 25 என்று விட்டுவிடாதீர்கள். வன்னிக்கு 38 போடுங்கள். பெட்டியின் மேல் சதுர மீற்றருக்கு 1000 வாற் வெயிலையும் சேருங்கள், அதைத்தான் பலரும் மறக்கிறார்கள். அப்புறம் எலக்ரோலிற்றிக் கப்பாசிற்றரையும் (மின்னைச் சேமிக்கும் பாகம்) பாருங்கள்: 10 பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

கேட்டவர்
நன்றி அண்ணா. செய்து பார்த்தேன். பெட்டிக்குள் ஏறிய சூட்டில் பெரும்பங்கு வெயிலுடையது! பெட்டியைப் பனலின் நிழலுக்கு மாற்றி, மொஸ்பெற்றை அலுமினியத் தகட்டில் இறுக்கினேன். நேற்று மதியம் உள்ளே அளந்தேன், 47 பாகை. பம்பு நிற்கவில்லை.