மூக்கா மாறு, மூக்கா மாறு: ‘எ பக்கெட் ஆஃப் பிளட்’ பார்த்த அனுபவம்

நான் இரண்டு வருடம் ஒரு ஓவியக் கண்காட்சிக் கூடத்தில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். பகலில் ஃபிரேம் தூக்குவது, ஆணி அடிப்பது, மட்டம் பார்ப்பது. திறப்பு விழா மாலைகளில் டீ, சமோசா கொடுப்பது. பேசிக்கொண்டே காலி கப்பை என் பக்கம் நீட்டுவார்கள். கண் மட்டும் சுவரில் இருக்கும் படத்தை விட்டு அகலாது. அப்படி ஒரு விழா முடிந்த இரவில்தான் அறைக்கு வந்து இந்தப் படத்தைப் பார்த்தேன்.

1959-இல் அமெரிக்க இயக்குநர் ரோஜர் கோர்மன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். 66 நிமிடம். சுமார் 50,000 டாலரில், ஐந்தே நாளில் எடுத்தது. கோர்மனும் கதாசிரியர் சார்லஸ் கிரிஃபித்தும் லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் ஸ்டிரிப் பக்கம் இருந்த காபி கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, அங்கே கூடும் கூட்டத்தைக் கவனித்துக் கதையை உருவாக்கியிருக்கிறார்கள். அது பீட் தலைமுறை என்று சொல்லப்பட்ட, ஊரோடு ஒத்துப்போகாத அமெரிக்க இளம் எழுத்தாளர்கள், கவிஞர்களின் காலம். தாடி, கவிதை, காபி, பெரிய பெரிய வார்த்தைகள்.

படம் தொடங்கும்போது ஒரு காபி கடையில் கவிஞர் ஒருவர் மேடையில் முழங்கிக்கொண்டிருக்கிறார். அவர் முன்னால் கடைப் பையன் வால்டர் பெய்ஸ்லி மேஜை மேஜையாகக் கப்புகளை எடுத்துக்கொண்டிருக்கிறான். டிக் மில்லர் நடித்தது. கேட்பவர்களில் யாருக்கும் அந்தக் கவிதை நினைவில் நிற்காது. வால்டருக்கு மட்டும் வரிக்கு வரி மனப்பாடம். நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். என்னைப் போல ஒருவனை அதுவரை எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

இரவு வீட்டுக்குப் போய்க் களிமண்ணை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு முகம் செய்யப் பார்க்கிறான். வரவில்லை. மண்ணைப் பிசைந்து, அழுத்தி, ‘மூக்கா மாறு, மூக்கா மாறு’ என்று அதைப் பார்த்துக் கத்துகிறான். சிரிப்பு வரும் காட்சிதான். எனக்குத் தொண்டை அடைத்தது. வீட்டுக்காரம்மாவின் பூனை சுவருக்குள் மாட்டிக்கொண்டு கத்த, அதை வெளியே எடுக்கச் சுவரில் கத்தியைச் செருகுகிறான். பூனை செத்துவிடுகிறது. அதன்மேல் மண்ணை அப்பி, ‘செத்த பூனை’ என்று பெயர் வைத்து மறுநாள் கடைக்கு எடுத்துப்போகிறான். அவ்வளவுதான், நேற்றுவரை கப்பு கழுவியவன் இன்று மேதை.

பயங்கரம் என்று நான் சொல்வது கொலைகளை அல்ல. கடை முதலாளி ஒருநாள் சிலையின் ஓரத்தில் ரோமம் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறார். உள்ளே இருப்பது நிஜப் பூனை என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அதே சமயம் சிலைகள் சேகரிக்கும் ஒருவர் அதற்கு 500 டாலர் தருவதாகச் சொல்கிறார். முதலாளி வாயை மூடிக்கொள்கிறார். மண்ணுக்குள் பூனைக்குப் பதில் மனிதர்கள் போகத் தொடங்கிய பிறகும் அவர் வாய் திறக்கவில்லை. வால்டராவது பாராட்டுக்கு ஏங்கிய அப்பாவி. தெரிந்தும் சும்மா இருந்தவரை என்ன சொல்வது? அந்த ரோமத்தைப் பார்க்கும்போது முதலாளியின் முகம் போகிற போக்கை யாராவது மறுபடி பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

*

தம்பி, உங்கள் பதிவைப் படித்ததுமே எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் இருபது வருடமாகக் களிமண்ணில் வேலை செய்கிறேன். மண் காயும்போது சுருங்கும். உள்ளே சுருங்காத கெட்டிப் பொருள் ஏதாவது இருந்தால் மேலே இருக்கும் மண் விரிசல் விடும், உதிரும். பெரிய சிலை என்றால் உள்ளே குடைந்து எடுத்துவிட்டுத்தான் சுடுகிறோம். இந்தப் படத்தில் வால்டரின் குட்டு உடைவதே அப்படித்தான். கண்காட்சியில், வால்டர் விரும்பும் பெண் கார்லா ஒரு சிலையைக் கிட்டே போய்ப் பார்க்கிறாள். விரல் நுனியில் மண் உதிர்ந்திருக்கிறது. உள்ளே நிஜ விரல். பார்பரா மாரிஸ் அந்த இடத்தில் ரொம்ப நன்றாக நடித்திருக்கிறார். அன்று வேறு யாருக்குமே சிலையைக் கிட்டே போய்ப் பார்க்கத் தோன்றவில்லை பாருங்கள். தூர நின்று பேசியே முடித்துவிட்டார்கள். ஒரு படைப்பைக் கையெட்டும் தூரத்தில் நின்று பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று என் மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் அந்த விரலைத்தான் நினைத்துக்கொள்வேன்.

*

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1965-இல் ஹெர்ஷல் கார்டன் லூயிஸ் எடுத்த ‘கலர் மீ பிளட் ரெட்’ பார்த்திருக்கிறீர்களா? ‘உங்களுக்கு நிறம் வசப்படவில்லை’ என்று விமர்சகர் சொல்லிவிட்டதால் ஒரு ஓவியர் மனம் நொந்து கிடக்கிறார். காதலியின் விரல் வெட்டுப்பட்டு ரத்தம் கித்தானில் படுகிறது. ஆகா, இதுதான் நான் தேடிய சிவப்பு என்கிறார். நான் கல்லூரி விடுதியில் நாலு பேரோடு பார்த்தேன். நடிப்பு சுமார், ரத்தம் ஏகப்பட்டது. கோர்மன் படத்தில் இருக்கும் பரிவு இதில் இல்லை. ஆனாலும் அந்த விமர்சகரின் ஒரு வாக்கியம் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைக் காட்டிய விதத்தில் எனக்கு இந்தப் படம்மேல் மரியாதை உண்டு.

*

முதலில் எழுதியவன்தான் மறுபடி. அக்கா, அந்த விரலை நான் இப்படி யோசித்ததே இல்லை, நன்றி. டிக் மில்லர் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. கடைசியில் வால்டர் தானே ஒரு சிலையாகித் தொங்கும் காட்சிக்கு, அவர் உடம்பில் பிளாஸ்டர் பூச நேரம் இருக்கவில்லை. சாம்பல் நிற மேக்கப்போடு நிறுத்திவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் பணம் இருந்திருந்தால் இது எப்பேர்ப்பட்ட படமாக வந்திருக்கும் என்று அவருக்கே அதில் வருத்தம் உண்டு. பின்னாளில் ‘தி ஹவுலிங்’ உட்பட வேறு சில படங்களிலும் அவர் பாத்திரத்துக்கு வால்டர் பெய்ஸ்லி என்றே பெயர் வைத்தார்கள். 2019-இல் 90 வயதில் காலமானார்.

படத்தின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஞாயிறு இரவு மறுபடி போடப்போகிறேன். இந்த முறை விரலைப் பார்க்க.