பேஸ் கம்பி அடிச்சாத் தகரப்பேணிச் சத்தம்: பழைய அம்பிளிபயர் திருத்தின ஆக்கள் உங்கட கதையையும் சொல்லுங்கோ

கிளிநொச்சிக் கடைக்காரன்:

போன மாசம் முல்லைத்தீவுக் கரைப்பக்கத்து மாதா கோயில் ஒண்டிலை பாடுற பெடியள் ஆட்டோவிலை ஒரு அம்பிளிபயரைக் கொண்டந்து இறக்கினவங்கள். ரெண்டு பேர் பிடிச்சுத்தான் இறக்கினது. 15 இஞ்சி ஸ்பீக்கரோட ஒரே பெட்டி. மேல் ரெக்சினிலை பாதியைக் கறையான் திண்டிட்டுது. பேர்த்தகடு இல்லை, அது இருந்த இடத்திலை திருகாணி ஓட்டை ரெண்டுதான். பின்னுக்கு ‘மேட் இன் ஜப்பான்’ எண்டும், 117, 220, 240 எண்டு வோல்ற் மாத்திற கட்டையும். ஆர் செய்தது, எந்த மொடல், ஒண்டும் தெரியாது. வால்வு இல்லை, எல்லாம் ரான்சிஸ்ரர்.

“அண்ணை, பேஸ் வருகுதில்லை” எண்டான் ஒருத்தன். பேஸ் அம்பிளிபயரிலை பேஸ் வரேல்லை எண்டா வேறை என்ன வரும் எண்டு எனக்குச் சிரிப்பு. கிற்றாரைக் குத்தி அடிச்சுக் காட்டினான். மேல் சுரங்கள் வருகுது, சுத்தமாவும் வருகுது. ஆக மொத்தமான கம்பியை வெறுமன அடிச்சா விரல் படுற சத்தம் மட்டும் ‘டிக்’ எண்டு, தகரப்பேணியிலை தட்டின மாதிரி. முதல் பாத்த ஒருத்தர் ஸ்பீக்கர் போட்டுது எண்டு சொல்ல, சனத்திட்டைக் காசு சேர்த்து, கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலை புதுசு வாங்கிப் பூட்டியிருக்கிறாங்கள். பூட்டியும் அதே தகரப்பேணி.

நான் இப்பிடிப் பழசுகளை நேர கறண்டிலை குத்திறதில்லை. 100 வாட் குண்டு பல்ப் ஒண்டைத் தொடராப் போட்டுத்தான் குடுப்பன். உள்ளுக்கு எங்கையாவது சோட் எண்டா பல்ப் முழு வெளிச்சமா எரியும், சாமான் தப்பும். எல்ஈடி பல்ப் இதுக்குச் சரிவராது. இப்ப குண்டு பல்ப் தேடிறதே வேலையாப் போச்சு. நான் வைச்சிருக்கிறது கோழிக்குஞ்சுக்குச் சூடு குடுக்கிற ஆளிட்டை வாங்கினது. அது ஒருக்கா மின்னிப்போட்டு மங்கிச்சுது. அப்ப ட்ரான்ஸ்போமரும், ஸ்பீக்கரை ஓட்டிற வெளிப்பக்க ரான்சிஸ்ரரும் உயிரோட இருக்கு.

சேர்க்கிற் படம் இல்லை, தேடியும் பலனில்லை. மூண்டு பின்னேரம் இருந்து கொப்பியிலை கீறினன். அந்தக்காலத்து மண்ணிறப் போட், ஒற்றைப்பக்கச் செம்பு. செம்புப் பக்கத்திலை ரோச் அடிச்சா மற்றப் பக்கத்திலை கோடெல்லாம் நிழலாத் தெரியும். வெளிப்பக்கத்திலை உலோகத் தொப்பி போட்ட பெரிய ரான்சிஸ்ரர் ரெண்டு. நம்பர் அழிஞ்சு போச்சு. ரான்சிஸ்ரரிலை என்பிஎன், பிஎன்பி எண்டு எதிரெதிரா ரெண்டு வகை; மீற்றரிலை பாத்தா ரெண்டும் என்பிஎன். அந்தக்காலத்திலை நல்ல பிஎன்பி சிலிக்கன் பவர் ரான்சிஸ்ரர் அருமை, விலையும் கூட. அதாலை மேலையும் கீழையும் என்பிஎன்னையே வைச்சு ஒப்பேத்தின சேர்க்கிற்றுகள் கனக்க. ஒற்றைச் சப்ளை, 54 வோல்ற். ரெண்டு ரான்சிஸ்ரரும் சேருற நடுப்புள்ளியிலை 26.8. அதுவும் சரி.

பாதிச் சப்ளை நடுப்புள்ளியிலை நிக்குது எண்டா அதை ஸ்பீக்கருக்குப் போகவிடாமல் ஒரு பெரிய கப்பாசிற்றர் மறிச்சு, சத்தத்தை மட்டும் விட்டுக்கொண்டு நிக்கவேணும். நிண்டுது. 2000 மைக்றோபரட், 50 வோல்ற், ரோச் பற்றறி அளவு. ஊதேல்லை, ஒழுகேல்லை, பாத்தா மாப்பிள்ளை மாதிரி. ஒரு காலைக் கழட்டி அளந்தன்: 170. உள்ளுக்குக் காய்ஞ்சு போச்சு.

இனிக் கணக்கைப் பாருங்கோ. கப்பாசிற்றர் ஒரு அளவுக்குக் கீழை உள்ள சுரங்களைக் குறைச்சுப்போடும், அந்த அளவைத்தான் வெட்டு எண்டுறது. 8 ஓம் ஸ்பீக்கரோட 2000 எண்டா வெட்டு விழுறது 10 ஹேட்ஸிலை. 170 எண்டா 117 ஹேட்ஸ். பேஸ் கிற்றாரிலை நாலு வெறுங்கம்பியும் 41, 55, 73, 98. நாலுமே வெட்டுக்குக் கீழை! ஸ்பீக்கரைப் பத்துத்தரம் மாத்தினாலும் என்ன வரப்போகுது?

2200, 63 வோல்ற் ஒண்டு போட்டன். பழசு பற்றறி மாதிரி, புதுசு பெருவிரல் மாதிரி. பிடிக்கிற வளையத்துக்குள்ளை அது ஆடிச்சுது, சைக்கிள் ரியூப் ஒரு சுத்துச் சுத்தி இறுக்கினன். பெடியன் மொத்தக் கம்பியை ஒருக்கா அடிச்சான். மேசையிலை இருந்த ஈயச் சுருள் உருண்டு கீழை விழுந்துது. அதோட முந்தி லேசாக் கேட்ட உறுமலும் கூடிச்சு. அது சப்ளைக் கப்பாசிற்றர், அதையும் மாத்தினன்.

வவுனியா ரிப்பெயர்:

உங்களுக்கு வெளிப்பக்கம் தப்பியிருந்தது அதிஷ்டம். எனக்கு வந்த ஒண்டிலை ரெண்டும் போய், பதிலுக்கு 3055 எண்ட நம்பர் ரான்சிஸ்ரர் வாங்கிப் போட்டன். பல்ப்போட நல்லாப் போச்சு. பல்ப்பை எடுத்து முதல் சுரம் அடிக்கவே ‘படக்’. தொப்பியை அரத்தாலை அராவித் திறந்து பாத்தா உள்ளுக்குச் சிலிக்கன் துண்டு ஒரு மூக்குத்திக் கல்லளவு. 115 வாட் எண்டு சொல்லுற சாமான்! போலி. அதுக்குப் பிறகு புதுசா எங்கை வாங்கினாலும் ஒண்டைப் பலிகுடுத்துத் திறந்து பாக்காமல் பூட்டிறதில்லை.

இன்னொண்டு, அந்த ரான்சிஸ்ரருக்குக் கீழை வைக்கிற மைக்கா. ரான்சிஸ்ரரின்ரை உலோக உடம்பே கறண்ட் போற ஒரு கால் (கலெக்டர்), மைக்கா வெடிச்சிருந்தா சேசியோட, அதுதான் உலோகச் சட்டத்தோட, சோட். எனக்குத் தொழில் பழக்கின ஐயா பழைய இஸ்திரிப்பெட்டி எலிமென்றுக்குள்ள இருக்கிற மைக்காவை உரிச்சுப் பிளேட்டாலை சீவி வெட்டுவார். நான் அப்பிடி வெட்டினது ஒண்டு இப்பவும் ஓடுது.

மல்லாவிப் பழசு:

தம்பிமாரே, நீங்கள் கறண்ட் இருக்கிற காலத்துக் கதை கதைக்கிறியள். தொண்ணூறுகளிலை எங்களுக்கு லைனே இல்லை, பற்றறி அரசாங்கத்தின்ரை தடைப்பட்டியலிலை. சைக்கிளை ஸ்ராண்டிலை விட்டு ஒராள் மிதிக்க, டைனமோவிலை றேடியோவிலை செய்தி கேட்ட ஆக்கள் நாங்கள். செய்தி முடியமுந்தி மிதிக்கிறவனுக்குக் கால் உளைஞ்சா பேச்சுத்தான். பேஸ் அம்பிளிபயருக்கு எத்தினை பேர் மிதிக்கிறது?

ஒரு கேள்வி. ஊதாத கப்பாசிற்றர் எப்பிடிக் காயும்? அதோட கொஞ்சமாவது வேலை செய்யிறதை அப்பிடியே விட்டா என்ன?

கிளிநொச்சிக் கடைக்காரன்:

ஐயா, உள்ளுக்கு இருக்கிற ஈரம் அடிப்பக்க றப்பராலை கொஞ்சங் கொஞ்சமாப் போறது. பத்துப் பாகை சூடு கூடினா ஆயுள் பாதி எண்டு ஒரு கணக்கு இருக்கு. இதை வைச்சிருந்த இடம் ரான்சிஸ்ரர் சூடு விடுற அலுமினியத் தகட்டுக்குப் பக்கத்திலை, பெட்டி இருந்தது தகரக் கொட்டிலிலை. எங்கட சித்திரை வெயிலையும் சேர்த்துப் பாருங்கோ.

அப்பிடியே விடுறது கூடாது. காய்ஞ்சது ஒருநாள் சோட்டாப் போனா 27 வோல்ற் நேர ஸ்பீக்கர் சுருளுக்குப் போகும். 8 ஓம் ஸ்பீக்கரின்ரை சுருள் மீற்றரிலை 6 ஓமளவிலைதான் காட்டும். கணக்குப் பாத்தா 120 வாட் வெறுஞ்சூடு. சனத்தின்ரை காசிலை வாங்கின புது ஸ்பீக்கர் புகையாப் போகும்.

போடேக்கை ‘டும்’ எண்டு ஒரு அடி அடிக்குது எண்டு பெடியள் போன் எடுத்தாங்கள். இந்த வகைக்கு அது உள்ளதுதான், கப்பாசிற்றர் நிரம்பிற சத்தம், பயப்பிடவேண்டாம் எண்டு சொன்னன்.

பழைய ஸ்பீக்கரையும் கொண்டரச் சொல்லிப் பாத்தன். கடதாசியிலை ஒரு கீறல்கூட இல்லை. அதையே திரும்பப் பூட்டினம், புதுசு பாதரின்ரை அறையிலை பெட்டியோட இருக்கு. வித்துக் காசைச் சனத்திட்டைத் திருப்பிக் குடுக்கிறதோ, இன்னொரு பெட்டி அடிக்கிறதோ எண்டு அங்கை பெரிய வாக்குவாதமாம்.

வொலியூம் திருகேக்கை இன்னும் கரகரக்குது. கழட்டிக் கழுவவேணும், ஒருநாள் தாங்கோ எண்டு கேட்டன். பெருநாள் முடியுமட்டும் தரமாட்டம் எண்டிட்டாங்கள்.