விஸார்ட்–கிளெரிக் மல்டிகிளாஸ்: லெவல்களை எப்படிப் பிரிப்பது?

சுவடிக்காரன்:

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் புது கேம்பெயின் (பல செஷன்களாக நீளும் தொடர்கதை ஆட்டம்) ஆரம்பிக்கிறோம். டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் மேசை விளையாட்டு) 5ஆம் பதிப்பு, 2014 விதிகள். லெவல் 3-இல் தொடங்கி 10 வரை கொண்டுபோவதாக டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) சொல்லியிருக்கிறார். மொத்தம் நாலு பேர். மற்ற மூவரும் ஃபைட்டர், பார்பேரியன், ரோக் என்று ஆயுதச் சண்டைக் கிளாஸ்களை (கிளாஸ் என்பது கேரக்டரின் தொழில் வகை) எடுத்துவிட்டார்கள். மந்திரம் போடவும் காயம் ஆற்றவும் நான் மட்டும்தான்.

என் கேரக்டர் ஒரு ஹை எல்ஃப் பெண். ஆட்டத்தின் கற்பனை உலகில் வாள் கடற்கரையில் இருக்கும் கேண்டில்கீப் நூலகக் கோட்டையில் வளர்ந்தவள். அந்தக் கோட்டைக்குள் நுழைய அவர்களிடம் இல்லாத ஒரு நூலைக் காணிக்கையாகக் கொடுக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். அப்படி வருகிற ஏடுகளைப் படியெடுத்து வைப்பது இவள் வேலை. அறிவுக்கான தெய்வம் ஓக்மாவிடம் பக்தி. மந்திரத்தைப் படித்தும் கற்றவள், தெய்வத்திடமிருந்தும் பெற்றவள் என்று இரண்டும் அவளிடம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. வெறும் எண்ணுக்காக எடுக்கும் மல்டிகிளாஸ் (ஒரே கேரக்டருக்கு இரண்டு கிளாஸ்) இல்லை.

திட்டம் இது: ஒரு லெவல் விஸார்ட் (படித்து மந்திரம் கற்பவர்), ஒரு லெவல் கிளெரிக் (தெய்வத்திடமிருந்து மந்திரம் பெறுபவர்) என்று மாற்றி மாற்றி எடுத்து, 10-இல் 5/5-ஆக முடிப்பது. இரண்டும் முழு ஸ்பெல்காஸ்டர் என்பதால் ஸ்பெல் ஸ்லாட் (ஸ்பெல், அதாவது மந்திரம், போடும்போது செலவாகும் இடம்) கூட்டுக்கணக்கில் வரும், ஒன்றும் இழக்க மாட்டேன் என்று புரிந்துகொண்டிருக்கிறேன். சரிதானா? கேரக்டரின் திறன்களுக்கு 27 பாயின்டை எப்படிப் பங்கிடலாம் என்றும் சொன்னால் நல்லது.

இருபதுமுகன்:

கேரக்டர் அருமை. இவள் மேசைக்கு வந்து நன்றாக விளையாட வேண்டும் என்று எனக்கே ஆசையாக இருக்கிறது. அதனால் 5/5 வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விஸார்ட் 9, கிளெரிக் 1. காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்லாட் கணக்கு நீங்கள் சொன்னபடிதான். 5/5 எடுத்தாலும் 9/1 எடுத்தாலும் லெவல் 10 காஸ்டரின் ஸ்லாட்டுகள் அப்படியே வரும்: முதல் நிலையில் 4, இரண்டு முதல் நான்கு வரை ஒவ்வொன்றிலும் 3, ஐந்தாம் நிலையில் 2. ஆனால் எந்த ஸ்பெல்லைத் தயார் செய்யலாம் என்பதை ஒவ்வொரு கிளாஸுக்கும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும், அந்த ஒரு கிளாஸ் மட்டுமே இருப்பதுபோல. விஸார்ட் 5 என்றால் மூன்றாம் நிலை ஸ்பெல் வரைதான். கிளெரிக் 5-க்கும் அதேதான். அண்டா பெரிதாக இருக்கும், அதில் சமைக்கத் தெரிந்தது ஒரு படி அரிசிதான். நான்காம், ஐந்தாம் நிலை ஸ்லாட்டுகளில் சின்ன ஸ்பெல்களைப் பெரிதாக்கிப் போட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

உங்கள் கேரக்டருக்கு இது எங்கே வலிக்கும் என்று பாருங்கள். லெஜண்ட் லோர் ஐந்தாம் நிலை ஸ்பெல். ஒரு பழம்பொருளைப் பற்றியோ இடத்தைப் பற்றியோ உலகம் மறந்துபோன கதையை எடுத்துத் தரும். கேண்டில்கீப்பில் வளர்ந்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான ஸ்பெல் கிடையாது. விஸார்ட் 9-இல் அது வரும். 5/5-இல் கடைசி செஷன் வரை வராது. அது மட்டுமில்லை. வழியில் பாலிமார்ஃப் ஸ்பெல் எழுதிய ஸ்க்ரோல் (சுருள்) ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது நான்காம் நிலை. உங்களிடம் அந்த நிலை ஸ்லாட் இருக்கும், ஆனாலும் விஸார்ட் 5 அதைத் தன் ஸ்பெல்புக்கில் படியெடுக்க முடியாது. படியெடுப்பதையே தொழிலாகக் கொண்டவள் கையில் ஸ்க்ரோலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டுமா?

அப்புறம், இரண்டு ஸ்பெல் பட்டியல் கையில் இருந்தாலும் ஒரு டர்னில் ஒரு ஆக்ஷன்தான். கான்சன்ட்ரேஷனும் (சில ஸ்பெல்கள் கலையாமல் நிற்கத் தேவையான கவனம்) ஒன்றுதான். கிளெரிக்கின் பிளெஸ் போட்டு வைத்திருக்கும்போது விஸார்டின் வெப் போட்டால் பிளெஸ் கலைந்துவிடும். லெவல்களைச் சமமாகப் பிரிப்பவர்கள் தேடுவது பலவகை ஸ்பெல்கள். சண்டையில் தட்டுப்படுவதோ ஆக்ஷனும் கான்சன்ட்ரேஷனும். அந்த ஒரு ஆக்ஷனில் போடும் ஸ்பெல் கனமானதாக இருக்க வேண்டும் என்பதால்தான் ஒரு கிளாஸை ஆழமாகக் கொண்டுபோகச் சொல்கிறேன்.

சரி, அப்படியானால் கிளெரிக் ஒரே ஒரு லெவல் எதற்கு? அந்த ஒன்றில் கிடைப்பது ஏராளம். மீடியம் ஆர்மர், கேடயம், மூன்று கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவில்லாத சின்ன ஸ்பெல்), 2014 விதிப்படி முதல் லெவலிலேயே டொமைன் (தெய்வத்தின் துறை சார்ந்த கிளெரிக் பிரிவு). நாலெட்ஜ் டொமைன் எடுத்தால் இரண்டு மொழிகள் கூடுதலாக வரும். ஆர்க்கானா, ஹிஸ்டரி, நேச்சர், ரிலிஜன் இவற்றில் இரண்டுக்கு ப்ரொஃபிஷியன்சி (பயிற்சிக்காகப் பகடையுடன் கூட்டும் எண்) இரட்டிப்பாகும். கமாண்ட், ஐடென்டிஃபை இரண்டும் எப்போதும் தயாராக இருக்கும். ஓக்மாவின் பக்தைக்கு அளவெடுத்துத் தைத்த டொமைன் அது.

பாயின்ட்: ஸ்ட்ரெங்த் 8, டெக்ஸ்டெரிட்டி 12, கான்ஸ்டிட்யூஷன் 14, இன்டெலிஜன்ஸ் 15, விஸ்டம் 13, கரிஸ்மா 10. சரியாக 27. ஹை எல்ஃபுக்குரிய கூடுதலைச் சேர்த்தால் டெக்ஸ்டெரிட்டி 14, இன்டெலிஜன்ஸ் 16 ஆகிவிடும். விஸ்டம் 13-ஐக் குறைக்காதீர்கள், கிளெரிக் சேர்க்க அது கட்டாயம். மீடியம் ஆர்மரில் டெக்ஸ்டெரிட்டி +2 வரைதான் எண்ணப்படும் என்பதால் 14-க்கு மேல் செலவு வீண். ஸ்கேல் மெயில் 14, டெக்ஸ்டெரிட்டி 2, கேடயம் 2 என்று ஆர்மர் கிளாஸ் (உங்களை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண்) 18 வரும். ஆபத்தில் விஸார்டின் ஷீல்ட் ஸ்பெல் போட்டால் 23. தனி விஸார்ட் மேஜ் ஆர்மருக்கு ஒரு ஸ்லாட் செலவழித்து 15-இல் நிற்பார். ஒளிந்து போவது முக்கியம் என்றால் செயின் ஷர்ட் எடுங்கள், ஒரு புள்ளிதான் குறையும்.

மழைக்குருவி:

இதே 1 கிளெரிக், மீதி விஸார்ட் கேரக்டரைத்தான் நானும் விளையாடிக்கொண்டிருக்கிறேன். இருபதுமுகன் சொன்ன வழியோடு எனக்கு ஒப்புதல்தான், ஆனால் அந்த ஒரு லெவலை எப்போது எடுப்பது என்பதையும் யோசியுங்கள்.

லெவல் 5 வந்ததும் உங்கள் ஃபைட்டருக்கும் பார்பேரியனுக்கும் இரண்டாவது அடி கிடைத்துவிடும். ஆட்டத்தின் வேகமே மாறும். அன்றைக்கு நீங்கள் விஸார்ட் 4, கிளெரிக் 1. மூன்றாம் நிலை ஸ்லாட் இரண்டு இருக்கும், ஃபயர்பால், ஹேஸ்ட், கவுன்டர்ஸ்பெல் என்ற மூன்றாம் நிலை ஸ்பெல் எதுவும் இருக்காது. அனுபவப் புள்ளி எண்ணும் மேசை என்றால் 4-இலிருந்து 5-க்குப் போக 3,800 போதும், 5-இலிருந்து 6-க்குப் போக 7,500 வேண்டும். அதாவது, காத்திருக்கும் அந்த லெவல்தான் நீளமான லெவல். எனக்கு அந்தக் காலம் மிகவும் நீண்டதாகவே இருந்தது.

அதனால் விஸார்ட் 5 வரை நேராகப் போய், 6-ஆவது லெவலில் கிளெரிக் எடுக்கலாம். கதைக்கும் அது அழகு. வழியில் நடந்த ஏதோ ஒன்றால் ஏட்டாளருக்கு ஓக்மாவின் அழைப்பு வந்தது என்று டிஎம் ஒரு செஷனே அமைக்கலாம்.

கரையோடி:

மல்டிகிளாஸ் இல்லாமலே இதைச் செய்யும் வழிகளையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். டிவைன் சோல் சார்சரர் (பிறவியிலேயே மந்திரம் உள்ள கிளாஸ்) கிளெரிக்கின் ஸ்பெல் பட்டியலிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம், ஒரு லெவலும் தாமதமாகாது. ஆனால் அவர் படித்துக் கற்றவர் அல்லர், ஸ்பெல்புக் கிடையாது. உங்கள் கதை அங்கே அடிபடும். ஆர்க்கானா டொமைன் கிளெரிக் எடுத்தால் விஸார்ட் கேன்ட்ரிப் இரண்டு கிடைக்கும், தினமும் பிளெஸ் போடவும் காயம் ஆற்றவும் குறையே இருக்காது. காயம் ஆற்ற ஆளே இல்லாத பார்ட்டிக்கு உண்மையில் நிறைவான விடை அதுதான் என்பேன்.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் இரண்டு கிளாஸின் ஸ்லாட்டும் தனித்தனி. கிளெரிக் 3, விஸார்ட் 3 என்று வந்தவர் லெவல் 6-இல் இரண்டு அரைகுறையாகத்தான் நின்றார். அதைச் சரிக்கட்டத்தான் மிஸ்டிக் தியர்ஜ் என்று ஒரு தனி கிளாஸ் வைத்தார்கள். 2014-இல் ஸ்லாட்டைக் கூட்டிவிட்டதால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மீதிப் பாதிதான் மேலே இருபதுமுகன் எழுதியது.

சுவடிக்காரன்:

மூவருக்கும் நன்றி. இருபதுமுகன் அண்ணா, அந்த லெஜண்ட் லோர் விஷயம் என் மனதை மாற்றிவிட்டது, 9/1 என்று முடிவு செய்துவிட்டேன். மழைக்குருவி சொன்னதில்தான் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன். கிளெரிக்கை முதலில் எடுப்பதா, 6-இல் எடுப்பதா? டிஎம்மிடம் கேட்டேன். அனுபவப் புள்ளி கிடையாது, கதைத் திருப்பங்களில் லெவல் ஏறும் என்றார். ஆரம்பத்தில் என்னென்ன ஸ்பெல் எடுக்கலாம் என்றும் சொல்லுங்கள் அண்ணா.

இருபதுமுகன்:

அனுபவப் புள்ளி இல்லையென்றால் 7,500 என்ற பயம் குறைகிறது. லெவல் 3-இலேயே கிளெரிக் 1, விஸார்ட் 2 என்று தொடங்குங்கள்.

பின்தங்குவது எங்கே என்று துல்லியமாகப் பார்ப்போம். விஸார்டுக்குப் புது ஸ்பெல் நிலை ஒற்றைப்படை லெவலில் திறக்கும்: 3, 5, 7, 9. நீங்கள் ஒரு லெவல் பின்னால் என்பதால் அந்த ஒற்றைப்படை லெவல்களில் மட்டும் குறைவு தெரியும். 4, 6, 8, 10-இல் எட்டும் உயர்ந்த ஸ்பெல் நிலை தனி விஸார்டுக்கும் உங்களுக்கும் ஒன்றே. கேம்பெயின் 10-இல் முடிகிறது, அது இரட்டைப்படை. இறுதிச் சண்டையில் உங்களிடம் இல்லாதது விஸார்ட் 10-இல் வரும் சப்கிளாஸ் (கிளாஸின் உட்பிரிவு) அம்சமும், ஒரு கேன்ட்ரிப்பும், ஸ்பெல்புக்கில் இரண்டு ஸ்பெல்லும்தான். 20 வரை போகிற கேம்பெயின் என்றால் வேறு மாதிரி யோசித்திருப்பேன். மழைக்குருவி சொன்ன லெவல் 5 வலி உண்மைதான். ஆனால் 3 முதல் 5 வரை காயம் ஆற்ற ஒருவர்கூட இல்லாமல் மூன்று பேர் முன்னால் போய் அடி வாங்குவது அதைவிடப் பெரிய வலி. உங்கள் பார்ட்டியில் வேறு யாராவது குணப்படுத்துபவர் இருந்திருந்தால் மழைக்குருவி பக்கம்தான் நின்றிருப்பேன்.

கிளெரிக் ஸ்பெல்களுக்கு உங்கள் விஸ்டம் 13-தான், அதாவது +1. எதிரி சேவ் போட (ஸ்பெல்லிலிருந்து தப்பப் பகடை உருட்டி) எட்ட வேண்டிய எண் லெவல் 3-இல் வெறும் 11. விஸார்ட் ஸ்பெல்லுக்கு அது 13. ஆகவே கிளெரிக் பக்கத்தில் எதிரி சேவ் போடுகிற எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். டொமைன் தரும் கமாண்ட் தானாக வரும், அதை நம்பியும் இருக்காதீர்கள். தயார் செய்ய இரண்டு இடம் இருக்கிறது: பிளெஸ், ஹீலிங் வேர்ட். பிளெஸ் மூன்று பேருக்குத் தாக்குதலிலும் சேவிலும் ஒரு டி4 (நான்கு முகப் பகடை) கூட்டும். உங்கள் பார்ட்டியில் அடிப்பவர்கள் சரியாக மூன்று பேர்! பார்பேரியன் வெறியேறிய நிலையிலும் அது அவருக்குப் பயன்படும். ஹீலிங் வேர்ட் ஆற்றுவது கொஞ்சம்தான், டி4-உடன் 1. அதன் வேலை விழுந்துகிடப்பவரைத் தூரத்திலிருந்தே எழுப்பி நிறுத்துவது. அது போனஸ் ஆக்ஷன் என்பதால் அந்த டர்னில் ஆக்ஷனுக்குக் கேன்ட்ரிப் மட்டும்தான் போடலாம், மறந்துவிட வேண்டாம். கேன்ட்ரிப்பில் கைடன்ஸ் கட்டாயம்.

விஸார்ட் 2-இல் டிவினேஷன் சப்கிளாஸ் எடுங்கள். நீண்ட ஓய்வு முடிந்ததும் இரண்டு டி20 உருட்டி வைத்துக்கொண்டு, பிறகு யாருடைய உருட்டலுக்குப் பதிலாகவும் அதைப் போடலாம். வரப்போவதை ஏட்டில் படித்தவள் என்று கதையிலும் நன்றாக உட்காரும். ஸ்பெல்புக்கில் ஷீல்ட், ஸ்லீப், ஃபைண்ட் ஃபெமிலியர், டிடெக்ட் மேஜிக், காம்ப்ரிஹெண்ட் லாங்வேஜஸ் முதலில் இருக்கட்டும். கடைசி மூன்றும் ரிச்சுவல். புக்கில் இருந்தாலே போதும், தயார் செய்யாமலும் ஸ்லாட் செலவழிக்காமலும் பத்து நிமிடம் கூடுதலாக எடுத்துப் போடலாம்.

விஸார்ட் 4 வரும்போது இன்டெலிஜன்ஸை 18 ஆக்கத்தான் கை துடிக்கும். நான் வார் காஸ்டர் ஃபீட் (கான்சன்ட்ரேஷன் காக்கவும், கைகள் நிறைந்திருந்தாலும் ஸ்பெல் போடவும் உதவும் சிறப்புத் திறன்) எடுக்கச் சொல்வேன். அடி வாங்கினால் கான்சன்ட்ரேஷன் காக்க 10 அல்லது வாங்கிய அடியில் பாதி, எது அதிகமோ அதை எட்ட வேண்டும். உங்களுக்கு +2-தான் இருக்கிறது. பிளெஸ் கலைந்தால் நஷ்டம் மூன்று பேருக்கு. அதுவரை ஒரு கையில் கேடயம், மறு கை காலி என்றே வைத்திருங்கள். ஷீல்ட் ஸ்பெல்லுக்குக் கை அசைவு தேவை. பொருள் வேண்டிய ஸ்பெல்களுக்கு இடுப்பில் ஒரு பை போதும்.

ஒரே ஒரு விஷயம் டிஎம்மிடம் முன்கூட்டியே பேசுங்கள். ஸ்பெல்புக் என்பது முதல் லெவல் விஸார்டின் ஆரம்பப் பொருட்களில் வருவது. கிளெரிக்காகத் தொடங்கினால் அந்தப் பொருட்கள் கிடைக்காது, ஆர்மரும் கேடயமும் கிடைக்கும். புக்கை அவள் ஏற்கெனவே கேண்டில்கீப்பிலிருந்து கொண்டுவந்துவிட்டாள் என்று அவர் ஒப்புக்கொண்டால் போதும். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். மறுத்தால் முதல் லெவலை விஸார்டாக மாற்றுங்கள், ஹிட் பாயின்ட் ஒன்றே ஒன்றுதான் குறையும், ஆர்மரைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.