மறுமொழி: "கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்" – பிறப்பும் வேண்டாம், மூலமும் வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம். பொருள்களின் லேபிளில் வரும் "கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்" என்பதற்குத் தமிழில் எந்தச் சொல்லை வைக்கலாம் என்ற இந்த இழைக்கு என் பதில்.

> "மூலநாடு" என்றே முடித்துவிடலாமே. சின்னச் சொல், எல்லோருக்கும் புரியும்.

புரியும். ஆனால் தவறாகப் புரியும் என்பதுதான் என் கவலை. மூலப்பொருள் வந்த நாடு என்றுதான் முதலில் மனதில் படும். சட்டம் கேட்பது அதுவல்ல.

போன வாரம் காட்பாடியில் அண்ணன் மகனின் கியர் சைக்கிளை ஓவராயிலிங் விட்டிருந்தேன். குழாயில் பெரிய எழுத்தில் இத்தாலியப் பெயர். கடைக்காரர் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சு நுழையும் இடத்துக்கு அடியில் இருந்த சேற்றைத் துணியால் துடைத்தார். நகம் அளவுக்கு ஒரு ஸ்டிக்கர்: தைவான். பின் கியரில் ஷிமானோ என்ற ஜப்பானியப் பெயர், பக்கத்திலேயே பொடி எழுத்தில் சிங்கப்பூர். டயரில் வியட்நாம். "அப்போ இது எந்த ஊரு வண்டிங்க?" என்று கேட்டேன். "ஃப்ரேம் எங்க வெல்டிங் வெச்சானோ அதான் சார் அந்த வண்டி ஊரு. மத்ததெல்லாம் மாட்டறதுதானே" என்றார். இந்த இழையில் இதுவரை வந்த நாற்பது மடல்களைவிட அந்தப் பதில் எனக்குத் தெளிவாகப் பட்டது.

பெயரை நம்பி நாட்டைச் சொல்ல முடியாது என்பது நமக்கொன்றும் புதிதில்லை. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. இரண்டும் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த சைக்கிள் பெயர்கள், பி.எஸ்.ஏ. துப்பாக்கி செய்த கம்பெனி. ஆனால் நம் வீடுகளில் பால் கேனும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறிய வண்டிகள், 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்தவை. எதிர்த்திசையிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் நாட்டிங்காமின் ராலே சைக்கிள் கம்பெனி 1999-இல் அங்கே ஃப்ரேம் செய்வதையும், 2002-இல் வண்டி பூட்டுவதையும் நிறுத்திவிட்டது. பெயர் மட்டும் ஆங்கிலேயப் பெயராகவே ஓடுகிறது. அமெரிக்காவில் சிகாகோவின் ஷ்வின் கம்பெனிக்குத் தைவானின் ஜயன்ட் சைக்கிள் செய்து கொடுத்தது. 1992-இல் ஷ்வின் திவாலானது. 1972-இல் தொடங்கிய ஜயன்ட் இன்று தன் பெயரிலேயே விற்கிறது, சீனாவிலும் ஹங்கேரியிலும் ஆலை வைத்திருக்கிறது. அதனால் ஜயன்ட் என்ற பெயரைப் பார்த்துத் தைவான் என்று எழுதினாலும் தப்பாகிவிடலாம்.

சரி, சட்டம் என்ன கேட்கிறது? ஐரோப்பியச் சுங்கச் சட்டத்தின்படி, ஒரு பொருள் பல நாடுகளில் செய்யப்பட்டால், கடைசியாக எங்கே அதன்மேல் கணிசமான வேலை நடந்ததோ அதுவே அதன் நாடு. கணிசமான என்பதுதான் இதில் உயிர். 1993-இல் ஐரோப்பா சீன சைக்கிள்களுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி, அதாவது மலிவு விலையில் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் வரி, போட்டது. உடனே உதிரி பாகங்களாகக் கொண்டுவந்து அங்கேயே முடுக்கி விற்க ஆரம்பித்தார்கள். 1997-இல் அந்த வரியை முக்கியமான பாகங்களுக்கும் நீட்டினார்கள். பாகங்களின் மதிப்பில் 60 சதவீதமோ அதற்கு மேலோ சீனாவிலிருந்து வந்திருந்தால் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். திருகாணி முடுக்கினால் நாடு மாறிவிடாது என்று காட்பாடிக் கடைக்காரர் சொன்னதைத்தான் அவர்கள் சட்டமாக எழுதியிருக்கிறார்கள்.

> "பிறப்பிட நாடு" ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

இருக்கிறது. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு அது பொருந்தும். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த அந்தக் காய்க்கு மண்ணும் ஊரும் ஒன்று. சைக்கிளுக்கு அப்படி ஒரு மண் கிடையாது.

நம் பக்கத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்கிறோம். மணிலாக்கொட்டைதான் தேய்ந்து அப்படி ஆனது. செடியின் பிறப்பு தென் அமெரிக்கா. மணிலா அது வந்த வழி, அவ்வளவுதான். சீமை எண்ணெய், சீமைச் சுண்ணாம்பு எல்லாமே இந்த வகைதான். ஒரு பொருளுக்கு ஊர் ஒட்டும்போது வந்த வழியையும் பிறந்த மண்ணையும் பெயர்ச்சொந்தக்காரரையும் நாம் எப்போதும் குழப்பிக்கொண்டே வந்திருக்கிறோம். புதுச் சொல் போடும்போதாவது பிரித்துவிட வேண்டும்.

நம் குழுவில் இருக்கும் ஆம்பூர் நண்பருக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். அங்கே தோலை வெட்டி, ஓரம் சீவி, தைத்து ஷூவின் அப்பராக, அதாவது மேற்பகுதியாக, அனுப்புகிறார்கள். ஐரோப்பாவில் லாஸ்ட் என்ற கால் வடிவ அச்சில் ஏற்றி அடிப்பாகம் ஒட்டினால், சுங்கக் கணக்கில் அது அங்கத்திய ஷூ ஆகிவிடலாம். நாளெல்லாம் குனிந்து தைத்த பெண்ணின் ஊர் எந்தப் பெட்டியிலும் வராது. இந்த விதி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் விதி எதைச் சொல்கிறதோ அதைத்தான் கலைச்சொல் சொல்ல வேண்டும். பிறப்பு என்று எழுதினால் அந்தப் பெண்ணின் வேலையை இரண்டாம் தடவையும் மறைத்ததாகிவிடும்.

ஆகவே என் முன்மொழிவு: உருப்பெற்ற நாடு. குழாய் ஃப்ரேமாகிறது, அப்பர் ஷூவாகிறது. அந்த உரு எங்கே வந்ததோ அந்த நாடு. உருமாற்றம் என்று போகவில்லை, உயிரியலில் அதற்கு வேறு வேலை இருக்கிறது. லேபிளில் இடம் போதாவிட்டால் உருநாடு என்று சுருக்கிக்கொள்ளலாம். பிராண்டுக்குரிய நாட்டுக்குப் பெயர்நாடு. அந்த கியர் சைக்கிளுக்குப் பெயர்நாடு இத்தாலி, உருநாடு தைவான் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.

பாகங்களை இணைத்த நாட்டுக்குப் பூட்டிய நாடு என்று நினைத்திருக்கிறேன். வண்டி பூட்டுவது, ஏர் பூட்டுவது என்று ஊரில் சொல்வதால் கை பழகிய சொல். பூட்டுப் போட்ட நாடு என்று படிக்கவும் இடம் இருக்கிறது, அதுதான் உறுத்துகிறது. பட்டறையில் இருப்பவர்கள் பாகம் சேர்ப்பதை ஃபிட்டிங் என்பதைத் தவிர வேறு எப்படிச் சொல்கிறார்கள்? ராணிப்பேட்டை, வாணியம்பாடி நண்பர்கள் கேட்டு எழுதினால், அந்தச் சொல்லையே வைத்துவிடலாம்.