மிதவையில் இரண்டாவது தூண்டில் கோலை எங்கே வைக்கிறீர்கள்?

காற்றடைத்த மிதவையில் அமர்ந்து மீன் பிடிக்கும்போது இரண்டாவது கோல் அவசியம் என்பதே என் கட்சி. மேல்மட்டத்துக்குக் கட்டிய போலி இரையை அவிழ்த்து, ஆழத்துக்கு வேறொன்று கட்டி முடிப்பதற்குள் மீன் கூட்டம் நகர்ந்துவிடும். ஆனால் அந்தக் கோலை முதுகுக்குப் பின்னால் செங்குத்தாக நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

மிதவையில் நாம் கால் துடுப்பை உதைத்து முதுகுப்பக்கமாகத்தான் நகர்கிறோம். வழியில் எது வந்தாலும் பின்னால் நிற்கும் கோல்தான் முதலில் முட்டுகிறது. அது நம் கண்ணில் படுவதில்லை. கரையோர மரநிழலில் ஒதுங்கியபோது ஒருமுறை தலைக்கு மேல் இலைகள் சலசலத்தன. திரும்பிப் பார்த்தால், கோலின் நுனி இரண்டு கிளைகளுக்கு நடுவே நுழைந்து வில்லாக வளைந்திருந்தது. இன்னும் ஓர் உதை போதும், நுனி வளையத்தோடு முறிந்திருக்கும். இரை வீசும்போதும் இதே தொல்லைதான். கையிலுள்ள கோலைப் பின்னுக்குக் கொண்டுபோனால் அதன் நரம்பு, அதாவது தூண்டில் இழை, நிற்கும் கோலைச் சுற்றிக்கொள்கிறது.

இப்போது பக்கவாட்டுக் காற்றறையின் மேல் கோலைப் படுக்கவைத்து, இரண்டு வெல்க்ரோ பட்டைகளால் கட்டுகிறேன். அடிப்பிடி முதுகுப்பக்கம், நுனி கால்பக்கம். நரம்பைச் சுற்றிவைக்கும் ரீல் மேல்நோக்கி இருக்க வேண்டும். கீழே தொங்கினால் வழி நெடுக நீரில் நனையும். முள்ளுக்குத் தடித்த துணியுறை கட்டாயம். காற்றறையை ஒட்டித் திறந்த முள் கிடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்கவே முடியாது. ஏழடிக் கோல் மிதவையைவிட நீளம் என்பதால் நுனி முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். மீனை அருகே இழுக்கும்போது நரம்பு அதில் உரசும். ஆகவே கைவலை இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் கட்டுவது நல்லது.

மறுமொழி 1

நண்பரே, நான் இன்னும் தாங்கியில் நிறுத்துகிறவன்தான். திறந்த நீர்ப்பரப்பில் எனக்கு அதுவே வசதி, கையைப் பின்னால் நீட்டினால் கோல் கிடைத்துவிடும். ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும். வெயிலில் விறைப்பாக ஊதிய காற்றறை, குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்காற்று சுருங்கிச் சற்றுத் தளர்கிறது. தாங்கியைப் பிடித்திருக்கும் பட்டையும் உடன் தளர, கோல் மெல்ல வெளிப்பக்கம் சாய்கிறது. அதனால் இறங்கிய சிறிது நேரத்தில் பட்டையை மறுபடி இறுக்குகிறேன். அடிப்பிடியிலிருந்து மிதவையின் வளையத்துக்கு ஒரு கயிறும் உண்டு. ரீல் மாட்டிய கோல் விழுந்தால் மூழ்கிவிடும்.

மறுமொழி 2

நான்கு துண்டாகக் கழலும் கோல் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. ஒன்பதடிக் கோல் இரண்டரை அடிக் குழலுக்குள் அடங்கிவிடும். முதுகுச் சாய்வுக்குப் பின்னால் குறுக்காகக் கட்டிவிடலாம். எடுத்துப் பொருத்த நேரம் பிடிக்கும் என்பது உண்மை. கையிலுள்ள கோல் முறிந்தால் மட்டும் தேவைப்படுகிற கோலுக்கு அது பெரிய குறையல்ல.

செங்குத்தாக நிறுத்துகிறவர்கள் மழைக்காலத்தில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கார்பன் இழைக் கோல் மின்சாரத்தைக் கடத்தும். இடி கேட்டதும் கோல்களைப் படுக்கவைத்துவிட்டுக் கரையை நோக்கி உதையுங்கள், மின்னல் தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

படுக்கவைக்கும் நண்பருக்கு ஒரு கேள்வி: கோரைப்புல் அடர்ந்த இடங்களில் என்ன செய்கிறீர்கள்?

முதலில் எழுதியவர்

கோரைக்குள் அடிப்பிடிதான் முதலில் நுழைகிறது, அது சிக்குவதில்லை. நரம்பு தொய்வாக இருந்தால்தான் புல் அதைப் பிடித்து இழுக்கும். பட்டை கட்டும் முன்பே ரீலைச் சுற்றி நரம்பை இறுக்கிவிடுகிறேன்.