பெங்களூரில் 10 மாத அட்வான்ஸ்: குறைக்க வழி உண்டா?

கேள்வி: அல்சூர் பக்கம் ஒரு பெட்ரூம் வீடு. வாடகை 22,000, அட்வான்ஸ் 2,20,000 என்கிறார் ஓனர். சட்டப்படி 2 மாதம்தானே?

பதில்: அது மாநிலங்களுக்கு முன்மாதிரியாக மத்திய அரசு 2021-ல் தந்த வாடகைச் சட்டத்தில் இருப்பது. மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் செல்லும். இப்போதைக்குப் பேரம் பேச மட்டும் உதவும். 5 மாத வாடகை என்று பேரத்தை ஆரம்பியுங்கள். பணம் வங்கி வழியாகவே போகட்டும், தொகை அக்ரிமென்ட்டில் இருக்கட்டும்.

பதில்: தகராறு வருவது திருப்பி வாங்கும்போதுதான். பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே வழக்கம். 11 மாதத்தில் காலி செய்தாலும் அதேதான், அநியாயம்! எவ்வளவு பிடிப்பார் என்பதை முன்பே எழுதி வாங்குங்கள். சாவி வாங்கும் அன்றே சுவர், குழாய், கீசர் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள்.

பதில்: பெஸ்காம் (மின்சார நிறுவனம்) பில்லில் பழைய பாக்கி இருக்கிறதா பாருங்கள். தண்ணீர் காவிரியா, போர்வெல்லா, லாரியா? லாரி என்றால் வெயில் காலத்தில் மெயின்டெனன்ஸ் எகிறும்.